கச்சானுக்குள் எவ்வளவு தண்ணீர்?

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியைக் கடந்தால் வயல்வெளி தொடங்கிவிடும். சவளக்கடை, அன்னமலை, மத்திய முகாம், பன்னிரண்டாம் கொளனி என்று கல்லோயா நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அறுவடை முடிந்ததும் இவ்வூர்களில் எல்லோர் வாயிலும் அடிபடும் எண் 14. நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலை கொடுப்பது நூற்றுக்கு 14க்கு மேற்படாத ஈரப்பதனுள்ள நெல்லுக்குத்தான். அதற்கு மேல் ஈரமிருந்தால் மூடைக்குள் சூடேறும், நிறம் மங்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மணியைப் பல்லிடையில் வைத்துக் கடித்துப் பார்த்து, இன்னும் ஒரு வெயில் காணவேண்டும் என்று சொல்லிவிடக்கூடிய மூத்த விவசாயிகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

சமைக்காத உணவை உண்டு வாழ விரும்பும் ஒருவர் இவர்களிடம்தான் முதலில் பாடம் கேட்கவேண்டும் என்பேன். காய்கறியும் பழமும் அன்றாடம் வாங்கி அன்றாடம் உண்பவை. பச்சையாக உண்பவரின் புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் பருப்புகளிலிருந்தும் விதைகளிலிருந்தும் வருகின்றன. அவற்றை மாதக்கணக்கில் வைத்திருந்தாக வேண்டும். வறுக்காமல், அவிக்காமல் உண்பவருக்குச் சேமிப்பில் நேரும் பிழையை அடுப்பில் திருத்திக்கொள்ள வழியில்லை.

விலையிலிருந்து தொடங்குவோம். பச்சை உணவு பற்றிய நூல்கள் பெரும்பாலும் பாதாம், வோல்நட், பிஸ்தா என்றே எழுதுகின்றன. இவை எதுவும் இந்தத் தீவில் விளைவதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிப் பருப்புகள் அன்றே சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. நோன்பு காலத்தில் பேரீச்சம்பழத்தோடு நாலு பாதாம் வைப்பதே செலவு என்றிருக்கும் வீட்டில், அதையே தினசரி உணவாக்கச் சொல்வது நியாயமில்லை.

இந்தக் கரையில் கச்சான் இருக்கிறது. 100 கிராம் பச்சைக் கச்சான் பருப்பில் ஏறத்தாழ 26 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உண்டு. அதே அளவு பாதாமில் புரதம் 21 கிராம், கொழுப்பு 50 கிராம். கஜுவில் புரதம் 18 கிராம், வோல்நட்டில் 15 கிராம். விற்றமின் ஈ பாதாமில் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் புரதத்திலும் கொழுப்பிலும் மலிவான கச்சான் விலையுயர்ந்த பாதாமுக்குத் தாழ்ந்ததல்ல. தாவரவியலில் அது பயறு, உளுந்தின் உறவு. மண்ணுக்குள் காய்ப்பதாலும் எண்ணெய் நிறைந்திருப்பதாலும்தான் நாம் அதைக் கொட்டைகளோடு சேர்த்துப் பேசுகிறோம். மண்ணுக்குள் காய்ப்பது என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் அது முக்கியமாகும்.

பச்சை என்று விற்கப்படும் எல்லாமே பச்சையானவை அல்ல. கஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓட்டுக்குள் அனகார்டிக் அமிலமும் கார்டோலும் கலந்த எரிதிரவம் இருக்கிறது. கஜு மாமரத்தின் குடும்பம். மாம்பால் பட்டுத் தோல் வெந்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும், கஜு ஓட்டுத் திரவம் அதைவிடக் கடுமையானது. ஆகவே ஆலைகளில் ஓட்டை உடைக்குமுன் கொட்டைகளை ஆவியில் வேகவைக்கிறார்கள் அல்லது சுடுகிறார்கள். கையால் பச்சையாக வெட்டி எடுப்பவர்கள் விரல்களில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்கிறார்கள். வெள்ளையாக இருக்கும் கஜு சூடு காணாதது என்று பொருளில்லை. தெரிந்த கைகளில் வாங்கினால் எப்படி உடைத்தார்கள் என்று கேட்டறியலாம்.

பாதாமின் கதை இன்னொரு வகை. உலகப் பாதாமில் மிகப் பெரும் பங்கு கலிபோர்னியாவில் விளைகிறது. 2000 - 2001இலும் மறுபடி 2003 - 2004இலும் அங்கிருந்து போன பச்சைப் பாதாமை உண்டவர்களுக்கு சல்மொனெல்லா நோய் கண்டது. அதன்பின் 2007 செப்டெம்பர் 1 முதல், அமெரிக்காவிலும் அதன் அண்டை நாடுகளிலும் விற்கும் கலிபோர்னியப் பாதாம் ஆவியாலோ புரோப்பிலீன் ஒக்சைட்டு வாயுவாலோ கிருமிநீக்கம் செய்யப்படவேண்டும் என்று சட்டமாயிற்று. கிருமி நீக்கியபின்னும் அதைப் 'பச்சை' என்று விற்கலாம். மற்ற நாடுகளுக்கு, கிருமி நீக்காதது என்று குறித்து அனுப்பவும் இடமுண்டு. பெட்டியிலிருந்து கொட்டிச் சிறு பைகளில் அடைத்து விற்கும் கடையில் அந்தக் குறிப்பு நம் கண்ணில் படாது.

எள்ளு, கச்சானைப்போலவே உள்ளூர்ச் சரக்கு. கரையோரத்து நாட்டு வாதுமை மரத்தின் பருப்பு காசில்லாமலே கிடைக்கும். ஒரு கைப்பிடி சேர்க்கப் பொறுமையுள்ள சிறுவர்கள் வேண்டும். தேங்காயைப்பற்றி ஒன்று மட்டும்: அதன் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். உடைத்தபின் அதைச் சேமிக்கமுடியாது. உடைக்காத தேங்காய் தன் சிரட்டைக்குள்ளேயே சில வாரங்கள் இருக்கும். வாங்குவதும் உடைப்பதும் உண்பதும் ஒரே வேகத்தில் நடந்தால் போதும்.

இனிக் கச்சானுக்குள் உள்ள தண்ணீர். உடைத்த பருப்பை வைத்திருக்க ஈரம் நூற்றுக்கு 7க்கு மேற்படக்கூடாது, ஓட்டுடன் என்றால் 9 வரை பொறுக்கும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அளவு. நெல்லுக்கு 14, கச்சானுக்கு 7. அப்படியானால் கச்சானை நெல்லைவிட இரு மடங்கு உலர்த்தவேண்டுமா?

இல்லை. இரண்டும் ஒரே உலர்வுதான். 100 கிராம் கச்சான் பருப்பில் 49 கிராம் எண்ணெய். எண்ணெய் தண்ணீரைச் சேர்க்காது. ஆகவே அந்த 7 கிராம் தண்ணீர் முழுவதும் மிச்சமுள்ள 51 கிராமுக்குள் ஒதுங்கியிருக்கிறது. 7ஐ 51ஆல் வகுத்தால் நூற்றுக்கு 13.7 வரும். நெல்லின் 14க்கு வந்து சேர்ந்துவிட்டோம். நெல்லில் எண்ணெய் மிகக் குறைவு என்பதால் அதன் தண்ணீர் மணி முழுவதும் பரவியிருக்கிறது. எண்ணெய் வித்து எதுவானாலும் இந்தக் கணக்கைப் போடலாம். எண்ணெய் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பாதுகாப்பான ஈரத்தின் எண் இறங்கும். நெல்லுக்குப் பழகிய கையோடு கச்சானையும் 'நூற்றுக்குப் பன்னிரண்டு, காய்ந்துவிட்டது' என்று மூடை கட்டுபவர், உண்மையில் ஈரக் கச்சானை மூடை கட்டுகிறார்.

பங்கசுக்கு வேண்டியது பருப்பில் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்பதல்ல, அந்தத் தண்ணீர் எவ்வளவு எளிதில் கைக்குக் கிடைக்கிறது என்பதே. அதை அளக்க ஒரு வழி, பருப்பை மூடிய போத்தலில் வைத்து உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதனைப் பார்ப்பது. அந்தக் காற்று 70 வீதத்துக்குக் கீழே நின்றால் சேமிப்பில் வரும் பங்கசுகள் பெரும்பாலானவை வளர இயலாது. இவற்றில் மிகவும் அஞ்சத்தக்கதான அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் வளர 80 வீதமளவு வேண்டும். நஞ்சு சுரக்க இன்னும் சற்று அதிகம் வேண்டும்.

இதை அளக்கும் கருவி ஒன்று எல்லாக் குசினியிலும் இருக்கிறது: உப்பு. தூய உப்பு 75 வீத ஈரப்பதன் வரை காற்றிலிருந்து தண்ணீரை இழுக்காமல் உலர்ந்தே கிடக்கும். 75ஐத் தாண்டியதும் இழுக்கத் தொடங்கிக் கரைந்துவிடும். மாரிகாலத்தில் உப்புச் சாடி கசிவது இதனால்தான். தூளுப்பில் ஒரு தேக்கரண்டி எடுத்து வெறுஞ்சட்டியில் சூடாக்கி, மூடி ஆறவையுங்கள். உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி கச்சானைப் போட்டு, அதன்மேல் ஒரு போத்தல் மூடியில் இந்த உப்பை வைத்து, இறுக்கி அடைத்து ஒரு நாள் முழுக்க நிழலில் விடுங்கள். உப்பு கசிந்தாலோ கட்டிபட்டாலோ உள்ளே 75க்கு மேல். அந்தக் கச்சான் சேமிக்கத் தகாது, திரும்ப வெயிலுக்குப் போகவேண்டும். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் 75க்குக் கீழே. அப்போதும் இன்னொரு வெயில் காட்டுங்கள், 70ஐத் தாண்டிக் கீழிறங்கிவிடும். கல்லுப்பு இதற்கு உதவாது. அதிலுள்ள மக்னீசியம் குளோரைட்டு குறைந்த ஈரப்பதனிலேயே தண்ணீரை இழுத்து நம்மை ஏமாற்றும்.

ஒரு பங்கசுக்காக இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1960இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். அந்த ஆண்டு சில மாதங்களுக்குள் அங்கே பண்ணைகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தொற்றுநோய் என்று தேடியவர்களுக்குக் கிருமி எதுவும் அகப்படவில்லை. பெயர் வைக்கத் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே அழைத்தார்கள். செத்த பறவைகள் எல்லாம் ஒரே வகைத் தீவனத்தைத் தின்றிருந்தன, அதில் பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கு இருந்தது என்று பிறகு தெரியவந்தது. பிண்ணாக்கில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் சுரந்த நஞ்சுக்கு, அந்தப் பங்கசின் பெயரிலிருந்தே அஃப்ளாடொக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரலைத் தாக்கும் இந்த நஞ்சு மனிதரில் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருட்களின் பட்டியலில் இன்று முதல் வகுப்பில் இருக்கிறது. மேலும் பதப்படுத்தப்படவிருக்கும் கச்சானில் ஒரு கிலோவுக்கு 15 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச உணவு நியமம். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நம் நாட்டில் இந்தப் பெயர் வீடுவீடாகப் பரவியது 2021இல், இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அது கண்டறியப்பட்டுச் சரக்கைத் திருப்பியனுப்பச் சொன்ன வேளையில்.

மண்ணுக்குள் காய்ப்பது முக்கியமாகும் என்றேனே, அது இங்கேதான். இந்தப் பங்கசின் வீடு மண். காய் முற்றும் வாரங்களில் மழை பொய்த்து நிலம் சூடேறினால், செடி வாடும் நேரம் பார்த்து அது காய்க்குள் புகுந்துவிடும். பிடுங்கியபின் மழையில் நனைந்தால் மூடைக்குள் பெருகும். வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது என்பதால், வறுத்த கச்சான் உண்பவர் தப்பிவிட்டார் என்று எண்ணவேண்டாம். எண்ணெயில் கலந்திருக்கும் அஃப்ளாடொக்சினைச் சூரிய ஒளி சிதைக்கும் என்று இலங்கை விஞ்ஞானி உபாலி சமரஜீவவும் அவரோடு உழைத்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒளி ஊடுருவும் எண்ணெய்க்கு அது பொருந்தும், பருப்பின் உள்ளே வெயில் போவதில்லை.

நமக்கு அனுகூலமான செய்தி, நஞ்சு குவியல் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பது. ஒரு சில பருப்புகளில்தான் மிகக் கூடுதலாகத் திரண்டிருக்கும். சுருங்கியவை, கறுத்தவை, தோல் வெடித்தவை, பூச்சி துளைத்தவை, உள்ளே மஞ்சளாகவோ பச்சையாகவோ நிறம் மாறியவை ஆகியவற்றில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். ஏற்றுமதி ஆலைகளில் ஒளிக்கருவி வைத்து நிறம் மாறிய பருப்பைத் தள்ளிவிடுவது இதற்காகவே. சுளகில் போட்டுப் புடைத்துப் பொறுக்கும் பெண்களின் கண் அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருகிறது. பச்சையாக உண்பவர் ஒரு படி மேலே போகவேண்டும்: பருப்பை இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள இடுக்கைப் பார்க்கவேண்டும். வெளியே அழகாக இருக்கும் பருப்பிலும் அங்கே பூஞ்சணம் பூத்திருக்கலாம். கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். கழித்ததைக் கோழிக்கும் போடவேண்டாம். வான்கோழிகளுக்கு நடந்தது அதற்கும் நடக்கும்.

எப்போது வாங்குவது என்பதை இந்தக் கரையில் காற்று தீர்மானிக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது அப்படித்தான். மழையை இழந்து மலையைத் தாண்டி இறங்கும் காற்று, இறங்க இறங்கச் சூடேறி, உலர்ந்து, நம் பக்கம் வருகிறது. முகத்தில் அனல் வீசும் அந்தக் கச்சான் காற்றைத் திட்டாதவர்கள் இங்கே குறைவு. அதைவிடச் சிறந்த உலர்த்தி எவராலும் செய்யமுடியாது. சிறுபோகக் கச்சான் பிடுங்கப்படுவது இந்தக் காற்றின் காலத்தில். பெரும்போகக் கச்சான் தை, மாசியில் வரும், வடகீழ்ப் பருவமழை முற்றாக விட்டிராத நாட்கள் அவை. கார்த்திகை, மார்கழியில் கிட்டங்கி வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடிச் சவளக்கடைப் பக்கமும் கல்முனையும் துண்டிக்கப்படும் காலத்தில், காற்றின் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல் ஏறி நிற்கும். திறந்த சாக்கில் இருக்கும் உலர்ந்த கச்சானும் அந்தக் காற்றோடு சமன்படும்வரை தண்ணீரைக் குடிக்கும். ஆகவே ஆவணி, புரட்டாசியில் வாங்கி, அந்த வெயிலிலேயே முடித்து, மழை தொடங்குமுன் அடைத்துவிடுவது நல்லது.

அளவும் பெரிதல்ல. ஒருவர் நாளுக்கு 50 கிராம் பருப்பு உண்டால் ஆறு மாதத்துக்கு 9 கிலோ. ஓட்டுடன் கூடிய கச்சானில் பருப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 70 என்பதால் 13 கிலோ வாங்கவேண்டும். அடுத்த போகம் வரும்வரை அது போதும். ஓட்டுடன் விளைவித்தவரிடமே வாங்கினால் உடைப்பவர், பொதியிடுபவர், கடைக்காரர் ஆகியோரின் பங்கு மிஞ்சும், பணம் வயலில் நின்றவரிடம் நேரே போகும். உலர்த்தும்போது தார் வீதியை நாடவேண்டாம். நெல்லுக்கு உமியுண்டு, சோறாக வேகவும் போகிறது. பச்சையாக உண்ணும் பொருளில் வீதித் தூசியும் பறவை எச்சமும் படக்கூடாது. சுத்தமான படங்கிலோ பாயிலோ மெல்லிய படையாகப் பரப்பி, மாலைப் பனிக்கு முன் அள்ளி, சூடாறியபின் அடைக்கவேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து ஈரமாகும்.

ஈரத்தை வென்றபின் எஞ்சும் எதிரி ஒட்சிசன். பருப்பின் எண்ணெய் காற்றோடு சேர்ந்து ஒட்சியேறும்போது காறல் நாற்றம் வருகிறது. வோல்நட்டின் கொழுப்பில் பெரும்பகுதி எளிதில் ஒட்சியேறும் வகை என்பதால் நம் வெப்பத்தில் அது விரைவில் காறிவிடும். கச்சானும் கஜுவும் அதைவிட நிலைத்து நிற்கும். முழுப் பருப்பைவிட உடைத்தது, உடைத்ததைவிட அரைத்தது வேகமாகக் கெடும். இந்தத் தாக்கங்களின் வேகம் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ இரு மடங்காகும். ஓடு இயற்கை தந்த உறை, உண்ணும் நாளில் உடைப்பதே சிறப்பு.

அடைப்பதற்கு விலையுயர்ந்த பாத்திரம் தேவையில்லை. நன்கு காய்ந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கினால் போதும். உள்ளே பூச்சியோ முட்டையோ இருந்தாலும், அவை மூச்சுவிட்டே மிச்ச ஒட்சிசனைத் தீர்த்துப் பெருக முடியாமல் மடியும். 1980களின் பிற்பகுதியில் கமரூனில் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தார் வகுத்த மூன்றடுக்குப் பைகள் இந்தத் தத்துவத்தில்தான் வேலைசெய்கின்றன. போத்தலுக்குள் மெழுகுதிரி கொளுத்தி ஒட்சிசனை எரித்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். காற்றில் ஒட்சிசன் 21 வீதம், அது 16 அளவுக்கு இறங்கியதுமே சுடர் அணைந்துவிடும். எரிந்த மெழுகு தண்ணீராவியையும் விட்டுச்செல்கிறது. அது வேண்டாம்.

ஆழ்குளிர் பெட்டி உள்ளவர்கள், உடைத்த பருப்பை உறையில் அடைத்து, கழித்தல் 18 பாகையில் நாலு நாள் வைத்தால் பூச்சி முட்டைகளும் சாகும். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைத் திறக்கவேண்டாம். திறந்தால் நம் கரையோரக் காற்றின் ஈரம் குளிர்ந்த பருப்பின்மேல் பனித்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. குளிரை மட்டும் நம்பியவர்களின் சேமிப்பு அன்று ஆட்டங்கண்டது. உலர்ந்து, ஓட்டுடன், போத்தலில் இருந்த கச்சானுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

கடைசியாக ஊறவைத்தல். உலர்ந்த பருப்பில் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் பெருகுவதில்லை, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு உறங்கிக்கிடக்கும். இரவு முழுக்க 30 பாகை வெப்பத்தில் தண்ணீரில் போட்டால், நாம் பட்ட பாடெல்லாம் வீணாகி அவை விழித்துக்கொள்ளும். ஊறவைப்பதானால் இருமுறை கழுவி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, அன்றே உண்ணுங்கள். அந்த வசதியில்லாத வீட்டில் உலர்ந்தபடியே நன்றாக மென்று உண்பது பாதுகாப்பானது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோயுற்றவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் பங்கை அவித்துக் கொடுங்கள். அவித்த கச்சான் இந்தக் கரையின் பழைய பண்டம். மண் வாசனை மாறாமல் பிடுங்கிய ஈரக் கச்சானுக்கும் அதுவே உகந்த வழி, ஏனென்றால் அதைச் சேமிக்கமுடியாது.